பத்து மணி பத்து நிமிடம் ஏழு நொடி

அன்று காலை சர்வர் அறையில் இருந்தவர்கள்: பட்டுக்கடை முதலாளி மஹாலட்சுமி, தறிகளை மேற்பார்க்கும் வீரபாகு, கம்ப்யூட்டர் வேலை பார்க்கும் லோகேஸ்வரன். பேச்சில் மட்டும் இருந்தவள் ஏலவார்குழலி. கடைக்குப் புடவை டிசைன் போட்டவள். பதினோரு மாதத்துக்கு முன் சென்னையில் வேலை கிடைத்துப் போய்விட்டாள்.

திரையில், சர்வருக்குள் யார் எப்போது வந்தார்கள் என்று காட்டும் லாக் ஓடியது. தினமும் காலை பத்து பத்துக்கு வெளியிலிருந்து ஓர் இணைப்பு. பெயர் குழலி. பாஸ்வேர்டு சரி. டிசைன் ஃபைல்களைப் பார்த்துவிட்டு நான்கே நொடியில் போய்விடுகிறது. முகவரி ஒரு செல்போன் கம்பெனியுடையது, ஊர் சென்னை.

"நம்ம மயில் பார்டரு எதிர்க்கடையில தொங்கிக்கினு இருக்குது. எப்படிப் போச்சுன்னு இப்பதான் தெரியுது" என்றாள் மஹாலட்சுமி.

"வேற யாராச்சும் அவ பேர்ல வரலாம்மா" என்றான் லோகேஸ்வரன்.

மஹாலட்சுமி காலண்டரில் விரலை வைத்தாள். "வராத நாளைப் பாரு. எல்லாம் அமாவாசை. நெசவுக்காரங்க தறியில உக்காராத நாளு. அந்த வூட்டுப் பொண்ணு எங்க போனாலும் அன்னிக்கு வேலையத் தொட மாட்டா. மத்தியானம் போலீஸ்ல எழுதிக் குடுக்கப் போறேன்."

வீரபாகு சிரித்தார். "இன்னாப்பா லோகு, மூஞ்சி மாறுது? தினமும் உன்னைப் பாத்துட்டுப் போறா போலக்குது."

லாக்கில் அந்த வரியை லோகேஸ்வரன் பதினோரு மாதமாகப் பார்த்து வருகிறான். யாரிடமும் சொன்னதில்லை. அவளிடமிருந்து ஒரு போன் இல்லை, ஒரு மெசேஜ் இல்லை; இது மட்டும் வந்தது. அமாவாசையன்று வராது. அந்த ஒரு நாளைத் தள்ளுவது பெரும்பாடு.

ஆனால் அவன் வேலை தெரிந்தவன். மனிதர் என்றால் ஒருநாள் முந்துவார், ஒருநாள் மறப்பார். இது எப்போதும் அதே ஏழாவது நொடியில் வருகிறது. முதல் வாரமே அது அவன் கண்ணில் பட்டது. அதைப் பற்றி நினைக்காமல் இருந்துவிட்டான். இனியும் நினைக்காவிட்டால் அவள் மேல் கேஸ்.

"அண்ணே, ஓரிக்கை தறிக்கொட்டாயில அமாவாசைக்கு மெயின் ஆஃப் பண்ணுவாங்களா?"

"பின்ன? மெயின இறக்கிட்டுதான் தறிக்காரன் குமாரவேல் வூட்டுக்குப் போவான்."

"அங்க தறி மேல இருக்கிற டிசைன் பொட்டிய யாரு செட் பண்ணது?"

வீரபாகு சற்று யோசித்தார். "அந்தப் பொண்ணுதான்ப்பா. சென்னைக்குப் போற வாரத்துல."

சர்வரிலிருந்து டிசைனை எடுத்துத் தறிக்குக் கொடுக்கும் பெட்டி அது; அவள் தன் பெயரையே அதில் போட்டுவிட்டுப் போயிருக்க வேண்டும். பெட்டிக்குள் சிம் கார்டு. அது ஓரிக்கையில் இருந்தாலும், செல்போன் கம்பெனி வழியாக வருவதால் முகவரி சென்னை என்றுதான் காட்டும்.

மணி பத்து ஐந்து. குமாரவேலுக்குப் போன் போட்டு அந்தப் பெட்டியின் ஒயரைப் பிடுங்கச் சொன்னான்.

"பொடவ பாதியில நிக்குது, சீக்கிரம் பாருப்பா" என்று திட்டிவிட்டுப் பிடுங்கினான் குமாரவேல்.

மூவரும் திரையைப் பார்த்தார்கள். வரி வந்தால் அவள் ஸ்டேஷன் படி ஏற வேண்டும். அது தெரிந்தும் வா, வா என்றிருந்தது அவனுக்கு.

பத்து பத்து ஏழு. பத்து பதினொன்று. எதுவும் வரவில்லை.

"அவ இல்லம்மா" என்றான் லோகேஸ்வரன். " பொட்டிதான் புது டிசைன் இருக்குதான்னு பாத்துட்டுப் போவுது."

"அப்ப பார்டரு?"

"ஒரு பொடவ வாங்கினா போதாதா? எதிர்க்கடக்காரன் பாத்தே போட்டுருவான்" என்றார் வீரபாகு.

"சரி. அந்தப் பேர அழிச்சுட்டு பொட்டிக்கு வேற பேர் குடு" என்றாள் மஹாலட்சுமி.

இரண்டு நிமிட வேலை. நிச்சயமா என்று திரை கேட்டது. ஆம் என்று தட்டினான். எழுந்து வெளியே வந்தான். அவன் பின்னால் மஹாலட்சுமி கதவைச் சாத்திப் பூட்டினாள்.