பன்னிரண்டாம் நாள் காய்ச்சல்

சவுரிமுத்துவுக்குக் குடல் ஓட்டையாகி ஆபரேஷன் நடந்து பன்னிரண்டு நாள் ஆகியும் காய்ச்சல் விடவில்லை. கோவிலம்பாக்கத்தில் தண்ணீர் லாரி ஓட்டும் மனிதர், தாம்பரத்து ஆஸ்பத்திரி ஒன்றில் துவண்டு கிடந்தார். மூன்றாவது ஆன்டிபயாடிக் ஏறிக்கொண்டிருந்தது.

அந்த மருந்துப் பாட்டிலில் இருந்த பெயரை மகள் ஆஷா இரண்டு முறை படித்தாள். அவள் ஆராய்ச்சி மாணவி. ஈஸ்ட் என்னும் பூஞ்சை குடலில் எப்படிக் குடியேறுகிறது, எந்தெந்த மரபணு அதற்குத் துணைபோகிறது என்பதுதான் அவளுடைய நான்கு வருட வேலை. லேப்பில் எலிகளின் குடிதண்ணீரில் முதலில் ஆன்டிபயாடிக்கைத்தான் கலப்பாள். நல்ல பாக்டீரியா செத்து இடம் காலியானால்தான் ஈஸ்ட் பெருகும். சில மரபணுக்கள் அதைச் சாதுவாக ஒட்டி வாழவைக்கும். வேறு சில விழித்துக்கொண்டால் அது நூல் நூலாக நீண்டு குடல்சுவரைத் துளைக்கும். அப்பாவின் குடலில் துளைக்கக்கூட வேண்டாம். அது ரத்தத்தில் கலக்கத் தையல் போட்ட இடமே போதும்.

"இன்னாம்மா, மூஞ்சி பேயடிச்ச மாதிரி கீது?" என்றார் அப்பா.

"ஒண்ணுமில்ல. நீ தூங்குப்பா."

அதிகப்பிரசங்கி என்று நினைப்பார்களோ எனத் தயங்கியபடியே அப்பாவைப் பார்க்கும் டாக்டர் தீபலட்சுமியின் அறைக்குப் போனாள்.

"மேடம், ரத்தத்துல ஃபங்கஸ் இருக்கான்னு பார்த்தீங்களா?"

"ரத்தத்துல கிருமி வளருதான்னு கல்ச்சர் பார்த்தோம், ஒண்ணும் வரலையேம்மா."

"அது ஆபரேஷன் முடிஞ்ச ஆறாம் நாள் எடுத்தது மேடம். லேப்ல எலிக்கு நாங்க செய்யறதுதான் இப்ப எங்கப்பாவுக்கு நடக்குது."

டாக்டர் கேஸ் ஷீட்டைப் புரட்டினார்.

"ரத்தத்த திரும்ப டெஸ்ட்டுக்கு அனுப்பறேன். ரிசல்ட் வர்ற வரைக்கும் காத்திருக்க வேணாம், ஃபங்கஸுக்கான மருந்த இன்னைக்கே ஆரம்பிச்சிடலாம்."

அடுத்த இரண்டு நாள் ஆஷா லேப் பக்கமே போகவில்லை. எலிக்கூண்டுகளைப் பார்க்க மனம் வரவில்லை. மூன்றாம் நாள் ரிசல்ட் வந்தது: ரத்தத்தில் ஈஸ்ட். அவள் வளர்க்கும் அதே இனம். தன் கணிப்பு பலித்ததில் பெருமை எங்கே வரும்? ரிசல்ட் தாளை மடித்துப் பையில் வைத்துவிட்டு அப்பாவின் அருகில் போய் உட்கார்ந்தாள். மருந்து ஏற்றக் கழுத்து நரம்பில் போட்டிருந்த குழாயிலும் ஈஸ்ட் ஒட்டியிருக்கும் என்று, அன்றே அதை எடுத்து வேறு போட்டார்கள்.

மருந்து தொடங்கிய ஆறாம் நாள் காலையில் அப்பா தானாக எழுந்து உட்கார்ந்திருந்தார்.

"என் லாரிய எவன்கிட்ட குடுத்துகீறானுங்க?"

ஆஷா அவர் நெற்றியில் கை வைத்தாள். குளிர்ந்திருந்தது. நர்ஸ் தெர்மாமீட்டரைக் காட்டி, "நார்மல்" என்றாள்.

"இன்னொரு தடவ பாருங்க சிஸ்டர்," என்றாள் ஆஷா. நர்ஸ் பார்த்தாள்; மறுபடியும் நார்மல். அதுவும் போதாமல் ஆஷா தானே வாங்கி, மூன்றாவது முறையாக அப்பாவின் அக்குளில் வைத்தாள்.