கனிஷ்காவின் கட்சி

கனடாவில் தேர்தல் என்றால் ஒரகடத்தில் யாருக்கு என்ன? கனிஷ்காவுக்கு இருந்தது. அங்கே பிரெஞ்சு பேசுகிற மாகாணத்தில், 'பிரிந்து தனி நாடாவோம்' என்று ஒரு கட்சி ஓட்டுக் கேட்டது. அது ஜெயிக்க வேண்டும் என்று குன்றத்தூர் மலையேறி முருகனுக்கு விளக்கே ஏற்றிவிட்டு வந்திருந்தாள். கட்சியின் பெயர் வாயில் நுழையவில்லை. 'தனியாப் போற கட்சி' என்றுதான் வேண்டிக்கொண்டாள்.

அவள் புருஷன் சக்திகுமார் அந்த மாகாணத்தில் ஒரு கிடங்கில் இரவு வேலை பார்க்கிறான். கல்யாணமான வருஷமே போனவன். அவள் அம்பாசமுத்திரத்திலிருந்து வந்து, சுங்குவார்சத்திரத்தில் விடுதியில் தங்கி, ஒரகடத்தில் போன் செய்யும் கம்பெனியில் வேலை செய்கிறாள். போன வருஷம் பக்கத்து உற்பத்தி லைனைப் பிரித்து வேறு கம்பெனியிடம் கொடுத்தபோது, கான்ட்ராக்ட் ஆட்களை எல்லாம் ஒரே வாரத்தில் ஊருக்கு அனுப்பிவிட்டார்கள். மாகாணம் பிரிந்தாலும் அப்படித்தானே? வெளியாளை மூட்டை கட்டச் சொல்வார்கள். அத்தான் வந்துவிடுவார்.

முடிவு தெரிகிற நாள். அவளுக்கு முதல் ஷிப்டு. அவரவர் போன் எல்லாம் கேட்டருகே லாக்கரில். கேன்டீனில், கூட வேலை செய்யும் வடக்குப்பட்டு ஜாஸ்மின் சீண்டினாள்.

"இன்னாடி, உன் கட்சி இன்னா ஆச்சு? மொதல்ல குன்றத்தூர் ஓட்ட எண்ணிட்டாங்களா?"

"சும்மா இரு பிள்ள. எனக்குச் சோறே இறங்கல."

"புருசன் வரணும்னு நாட்டையே ரெண்டாக்குறியே, நல்லா இருப்ப நீ!"

ஷிப்டு முடிந்ததும் லாக்கருக்கு ஓடினாள். பஸ் நிற்கும் இடத்தில் ஓரமாக ஒதுங்கிப் போன் போட்டாள். அங்கே அப்போதுதான் விடிகிற நேரம்.

"அத்தான், ஜெயிச்சிட்டாவளா?"

"ஜெயிச்சிட்டாவ புள்ள! தெருவெல்லாம் ஒரே ஆட்டம். நானும் ராத்திரி வேலைக்கு லீவு போட்டுட்டுப் போய்க் கொடி பிடிச்சேன்னா பாத்துக்கோ."

"நீங்க எதுக்குக் கொடி பிடிச்சீய? உங்கள ஊருக்கு அனுப்பிருவாவல்லா?"

அவன் சிரித்தான். "எவன் சொன்னான்? அவுங்க பாஷை தெரிஞ்சவனுக்கு இனிமேதான் மரியாதை. நான் ஒரு வருஷமா கிளாஸுக்குப் போறேன்லா. பரீட்சைகூட பாஸாயிட்டேன்."

தினமும் பேசுகிறவர்கள்தான். அவன் தின்ற ரொட்டி, விழுந்த பனி, கிழிந்துபோன கையுறை எல்லாம் அவளுக்குத் தெரியும். இது தெரியாது.

"சொல்லவே இல்லயே."

"பாஸான பொறவு சொல்லலாம்னு இருந்தேன். விட்டுப்போச்சு."

லாரி ஒன்று புழுதியைக் கிளப்பிக்கொண்டு போனது. அது போகும்வரை காத்திருந்து கேட்டாள். "எனக்கும் சொல்லிக் குடுங்க அத்தான். நானும் அங்க வரணும்லா?"

"உனக்கு எதுக்கு புள்ள அது?"

கேட்ட வேகத்தில் வந்தது பதில். கொஞ்சம் யோசித்துச் சொல்லியிருந்தால்கூட ஆறுதலாக இருந்திருக்கும். அவன் கொடி, ஊர்வலம், நண்பர்கள் என்று பேசிக்கொண்டே போனான். அவள் 'ம்' கொட்டினாள். பிறகு பஸ் வந்துவிட்டது என்று வைத்துவிட்டாள். உண்மையாகவே வந்துவிட்டிருந்தது.

ஜாஸ்மின் ஜன்னல் வழியாகத் தலையை நீட்டினாள். "இன்னாடி ஆச்சு? ஜெயிச்சிச்சா?"

"ஜெயிச்சிட்டாவ" என்று ஏறினாள் கனிஷ்கா.

"ஏ பொண்ணுங்களா, இவ கட்சி ஜெயிச்சிடுச்சாம்! கனி புருசன் வர்றாரு!"

எந்தக் கட்சி, எந்த நாடு என்று யாரும் கேட்கவில்லை. பஸ்ஸே கை தட்டியது. கனிஷ்காவும் தட்டினாள்.