வேட்டி ஏறாத கப்பல்

ஜுவேரியா அழித்தது ஒரே ஒரு வரியைத்தான். கைப்பேசியில் ஒரு வரியை அழிக்க எவ்வளவு நேரம் ஆகும்? ஒரு கொட்டாவி விடும் நேரம்கூட ஆகாது. அந்த ஒரு வரி தனபாலன் அண்ணாச்சியின் நாற்பதாவது கல்யாண நாளைத் தின்றுவிட்டது என்று அவளுக்குத் தெரிய நான்கு மாதம் ஆயிற்று.

தேனாம்பேட்டையில் ஒரு சந்துக்குள், ஜெராக்ஸ் கடைக்கு மேல்மாடியில் இருக்கிறது அவள் வேலை பார்க்கும் டிராவல்ஸ். விசா வேலைகளை ஷோயப் பார்த்துக்கொள்வார். கப்பல் பயணம் என்றால் ஜுவேரியா. ஒன்பது வருடமாக ஆட்களைக் கப்பலேற்றி அனுப்புகிறாள். எந்த அறையில் அலை ஆட்டம் குறைவு, எந்தத் தளத்தில் தயிர் கிடைக்கும் என்பதெல்லாம் அவளுக்கு அத்துப்படி.

தனபாலனுக்கு தி.நகரில் வேட்டிக் கடை. சட்டை கிடையாது, சேலை கிடையாது, வேட்டி மட்டும்தான். பள்ளிக்கூடத்தில் அரைக்கால் டவுசர், அதன்பிறகு வேட்டி. இடையில் வேறெதுவும் அவர் காலில் ஏறியதில்லை. உடன்குடிப் பக்கத்திலிருந்து வந்து, ஒரு நாள் விடாமல் நாற்பத்திரண்டு வருடம் கடையைத் திறந்தவர், மனைவி தங்கம் ஒரே ஒரு ஆசை சொன்னாள் என்பதற்காக இந்த மாடிப்படி ஏறி வந்தார். தங்கம் யாரோ எடுத்த வீடியோவில் ஒரு கப்பலின் சாப்பாட்டுக் கூடத்தைப் பார்த்திருந்தாள். இரண்டு பக்கமும் வளைந்து இறங்கும் படிக்கட்டு, உச்சியில் சரவிளக்கு, கீழே வெள்ளை விரிப்பு போட்ட மேசைகள். நாற்பதாவது கல்யாண நாளன்று அந்தப் படியில் அரக்குப் பட்டு கட்டிக்கொண்டு அவரோடு இறங்க வேண்டும், அவ்வளவுதான்.

இங்கிலாந்தில் ஏறி நார்வே வரை போய்த் திரும்பும் கப்பல். பழைய சம்பிரதாயம் எதையும் விடாத கப்பல். பதினான்கு நாளில் இரண்டு இரவு 'ஃபார்மல் நைட்'. அன்று மாலை ஆறு மணிக்கு மேல் அதற்கென்று உடுத்தியவர்களுக்குத்தான் கூடத்தில் இடம். மற்றவர்கள் மேல்தளத்து பஃபேயில் தட்டேந்த வேண்டியதுதான். கல்யாண நாள் சரியாக இரண்டாவது ஃபார்மல் இரவில் வந்து விழுந்தது. கூட வந்திருந்த தங்கம் சின்னப்பிள்ளை போலக் கை தட்டினாள்.

பயணிகளுக்கான குறிப்பைத் தமிழில் எழுதி வாட்ஸ்அப்பில் அனுப்புவது ஜுவேரியாவின் வழக்கம். உடை பற்றிய இடத்தில் கப்பல் கம்பெனிக்காரன் தெளிவாகவே எழுதியிருந்தான். ஆண்களுக்குக் கோட்டு, சூட்டு, டை, அல்லது அவரவர் நாட்டுச் சம்பிரதாய உடை. அதை அப்படியே தமிழில் எழுதினாள். எழுதிவிட்டுத் தயங்கினாள்.

அதற்கு முந்தைய மாதம்தான் கே.கே. நகர் வெள்ளைத்துரை என்ற பெரியவர், வேறொரு கப்பலில் லுங்கியைத் தொடைக்கு மேல் மடித்துக் கட்டிக்கொண்டு காலைச் சாப்பாட்டுக்குப் போய் நின்றிருந்தார். அவர் மருமகள் போன் போட்டு ஒரு மணி நேரம் ஜுவேரியாவை வறுத்தெடுத்தாள். சூடு கண்ட பூனை அடுப்பங்கரை சேராது. ஜுவேரியாவின் மனக்கண்ணில், சரவிளக்குக் கூடத்தில் வேட்டியோடு நிற்கும் அண்ணாச்சி வந்தார். சுற்றிலும் வெள்ளைக்காரர்கள். அவளுக்குக் கூச்சமாக இருந்தது. ஆமாம், கூச்சம்தான். பிற்பாடு அதற்கு ஆயிரம் காரணம் சொல்லிப் பார்த்தாள், ஒன்றும் ஒட்டவில்லை.

'அல்லது' தொடங்கி அந்த வரியை அழித்தாள். அழித்ததோடு விட்டாளா? 'வேட்டிக்கு அனுமதி இல்லை' என்று தன் கைச்சரக்கையும் சேர்த்து அனுப்பினாள்.

அண்ணாச்சி உடனே போன் செய்தார்.

"ஏ தாயி, பட்டு வேட்டிகூட ஆகாதா?"

"ஆகாது அண்ணாச்சி. ரூல்ஸ் அப்படி."

"சரி, விடு. நம்ம ஊரு கிளப்புலயே ஒரு காலத்துல வேட்டி கட்டுனவன உள்ள விடல. வெள்ளக்காரன் கப்பல்ல விடுவானா? நீ முன்னாடியே சொன்னது நல்லதாப் போச்சு."

பாண்டி பஜாரில் கோட்டும் சூட்டும் தைக்கக் கொடுத்தார். நாற்பத்திரண்டு வருடமாக மற்றவர்களுக்குத் துணி கிழித்துக் கொடுத்த மனிதர், தனக்கு அளவெடுக்கக் கையைத் தூக்கிக்கொண்டு நின்றார்.

நான்கு மாதம் கழித்து, ஒரு புதன்கிழமை காலையில் இருவரும் படியேறி வந்தார்கள். அண்ணாச்சி கையில் ஒரு பெரிய சாக்லெட் டப்பா. அதை ஜுவேரியாவின் மேசையில் வைத்துவிட்டு உட்கார்ந்தார்.

"நல்லபடியாப் போயிட்டு வந்துட்டோம் தாயி. மலைய ரெண்டாப் பொளந்து நடுவுல கடல விட்ட மாதிரி இருக்கு அந்த ஊரு!"

கைப்பேசியில் படங்களைக் காட்டினார். மேல்தளத்தில் காற்றில் முந்தானை பறக்கத் தங்கம், பனிமலை, பஃபேயில் தட்டோடு தங்கம். ஜுவேரியா தள்ளிக்கொண்டே வந்தாள். படிக்கட்டு வரவில்லை. அரக்குப் பட்டு வரவில்லை.

"கூடத்துல எடுத்த படம் எங்க அண்ணாச்சி?"

அவர் சிரித்தார். "அத ஏன் கேக்க? கல்யாண நாளு அன்னைக்கு கோட்ட மாட்டிட்டு ரூமவிட்டு வெளிய வந்தேன். எதுத்தாப்ல பெரிய கண்ணாடி. யாரோ ஒருத்தன் வாரான்னு ஒதுங்கி வழிவிட்டேன். பாத்தா நான்தான். அதுக்கு மேல காலு போகல தாயி. இவள மட்டும் போன்னேன், போக மாட்டேன்னுட்டா. பட்ட அவுத்து மடிச்சு வச்சுட்டு, மேல போயி ரொட்டியும் சூப்பும் சாப்பிட்டோம். அதுக்கென்ன, பசி அடங்கிச்சுல்லா? நீ மட்டும் சொல்லாம விட்டிருந்தேன்னா, வேட்டியக் கட்டிட்டுப் போயி வாசல்ல மானம் போயிருக்கும். உனக்குப் புண்ணியமாப் போகும்."

ஜுவேரியா சாக்லெட் டப்பாவைத் தள்ளி வைத்தாள். திட்டியிருந்தால் வாங்கிக்கொண்டிருப்பாள். புண்ணியம் என்கிறாரே மனிதர்!

அவர் அதோடு நிறுத்தவில்லை. வியாபாரிகள் சங்கத்தில் இந்தப் பயணத்தைப் பற்றிப் பேசிப் பேசி, அடுத்த வருடத்துக்குப் பதினெட்டு ஜோடி சேர்த்திருந்தார். தாங்கள் இருவரும் அதில் மறுபடியும் உண்டு. "எனக்கு அனுப்புன அதே நோட்ட எல்லாருக்கும் அனுப்பிரு. கோட்டு தைக்க இப்பவே சொல்லிருதேன். அதுக்குள்ள நானும் மாட்டிப் பழகிக்கிடுதேன்" என்றார். அதற்குள் கீழே யாரோ ஹாரன் அடித்தார்கள். வண்டியை வழியில் நிறுத்தியது நினைவுக்கு வர, எடுத்துவிட்டு வருகிறேன் என்று இறங்கிப் போனார்.

அதுவரை வாய் திறக்காத தங்கம் நாற்காலியை இழுத்துப் பக்கத்தில் போட்டுக்கொண்டாள்.

"ஏம்மா, ஒண்ணு சொல்லுதேன், அவருகிட்டச் சொல்லிராத. மறுநாள் காலைல லிஃப்டுல ஒரு வெள்ளக்காரப் பெரியவரப் பாத்தேன். கட்டம் போட்ட பாவாடை மாதிரி கட்டியிருந்தாரு. அவங்க ஊரு வழக்கமாம். ராத்திரி விருந்துக்கும் அதோடதான் போனாராம். எனக்கு ஒரு மாதிரி ஆயிட்டு. நேரா கப்பல் கவுண்டர்ல இருக்க புள்ளைட்டப் போயி, எங்க மவன் கல்யாணத்துல இவரு பட்டு வேட்டி கட்டுன போட்டோவக் காட்டி, இது ஓகேவான்னு கேட்டேன். அந்தப் புள்ள போட்டோவ வாங்கிப் பாத்துட்டு, பியூட்டிஃபுல், இதக் கட்டிட்டு வந்திருக்கலாமேங்குது." தங்கம் புடவைத் தலைப்பை விரலில் சுற்றிக்கொண்டாள். "அதுக்குள்ள ரெண்டு ராத்திரியும் முடிஞ்சுபோச்சே. அவருகிட்டச் சொன்னா மனசு ஒடஞ்சிரும்னு சொல்லல. நீயும் தெரியாமத்தான எழுதிட்ட?"

தப்பிக்கக் கதவைத் தானே திறந்து வைத்துவிட்டு, தங்கம் அவள் முகத்தைப் பார்த்தாள்.

"ஆமாம்மா. தெரியாமதான்" என்றாள் ஜுவேரியா.

முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைத்தாகிவிட்டது. ஆனால் மறைத்தவளுக்குச் சோறு இறங்கவேண்டுமே? அன்றும் மறுநாளும் டிபன் டப்பா திறக்காமலேயே வீட்டுக்குத் திரும்பிப் போயிற்று. தெரியாமலாம்! இரண்டு வருடத்துக்கு முன்னால் அதே கப்பலில் கம்பெனி ஏஜெண்டுகளை நான்கு நாள் இலவசமாகக் கூட்டிப்போனது. ஃபார்மல் இரவுக்கு இரண்டு நாள் முன்பிருந்தே ஜுவேரியாவுக்குத் தூக்கமில்லை. முக்காட்டை எடுக்கச் சொல்வார்களோ? எடுக்க முடியாது, எடுக்காமல் உள்ளே போகவும் முடியாது. கடைசியில் சம்கி வைத்த பச்சை அனார்கலியும் அதே பச்சையில் முக்காடுமாகக் கூடத்து வாசலில் போய் நின்றாள். வாசலில் நின்ற ஆள் தலை குனிந்து, அழகாக இருக்கிறீர்கள் மேடம் என்று கதவைத் திறந்துவிட்டான். சாப்பாட்டுக்கு நடுவில் குளியலறைக்குப் போய் இரண்டு நிமிடம் அழுதுவிட்டு வந்தாள், சந்தோஷத்தில். அவளை உள்ளே விட்டது அந்த ஒரு வரிதான். அதே வரியைத்தான் அண்ணாச்சியிடமிருந்து பிடுங்கிக்கொண்டாள்.

"இன்னா ஜுவேரியா, ஒரு குரூப்புக்கு நோட்டு அனுப்ப ரெண்டு நாளா? மூஞ்சிய வேற தூக்கி வெச்சிக்கினு கீற" என்றார் ஷோயப்.

"உடைப் பிரச்சினை பாய்."

"இதுல இன்னா பிரச்சினை? போன தபா அனுப்புனத எடுத்துத் தட்டிவுடு. யாரு கேக்கப் போறாங்க?"

யாரும் கேட்கப் போவதில்லை என்பதுதான் அவளை அரித்தது. பழைய குறிப்பை அனுப்பினால் இன்னும் பதினெட்டு வேட்டிகள் வீட்டிலேயே கிடக்கும். சரியான குறிப்பை அனுப்பினால் அண்ணாச்சி முதல் ஆளாகப் படிப்பார். நடுவழி ஒன்று இருக்கிறதா என்று தேடினாள். 'விதிகள் இந்த வருடம் மாற்றப்பட்டுள்ளன' என்று ஒரு வாக்கியத்தை எழுதியும் பார்த்தாள். நல்ல வாக்கியம், எல்லாரும் நம்புவார்கள். அதைப் படிக்கப் படிக்கத் தன் மேலேயே அருவருப்பு வந்தது. அதை அழித்தாள். இந்தத் தடவை அழித்தது அழிக்க வேண்டிய வரியைத்தான்.

வெள்ளிக்கிழமை தொழுகை முடிந்த பிற்பகலில், அச்செடுத்த குறிப்போடு தி.நகருக்குப் போனாள். கடையில் கூட்டம் ஓய்ந்திருந்தது. கல்லாவில் தங்கம். அண்ணாச்சி மேசையில் ஒரு எட்டு முழத்தை உதறிக் கரையைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"வா தாயி, வா! போன் பண்ணியிருந்தா ஆளனுப்பியிருப்பேன்ல?"

தாளை நீட்டினாள். கண்ணாடியை மாட்டிக்கொண்டு மெதுவாகப் படித்தார். உடை பற்றிய இடத்தில் அவர் விரல் நின்றது. "'அல்லது அவரவர் நாட்டுச் சம்பிரதாய உடை. பட்டு வேட்டி, சட்டை, அங்கவஸ்திரத்துக்கு முழு அனுமதி உண்டு'" என்று வாய்விட்டே படித்தார். "இது எப்ப வந்துச்சு?"

"எப்பவுமே இருந்துச்சு அண்ணாச்சி."

கல்லாவில் தங்கத்தின் கை அப்படியே நின்றது.

"நான்தான் அழிச்சேன். தெரியாம இல்ல, தெரிஞ்சே அழிச்சேன். நீங்க வேட்டியோட அங்க நின்னா எனக்கு அசிங்கம்னு நெனச்சேன்." தங்கத்தின் பக்கம் திரும்பினாள். "உங்ககிட்டயும் பொய்தாம்மா சொன்னேன்."

அண்ணாச்சி கண்ணாடியைக் கழற்றினார். மனைவியைப் பார்த்தார். அவள் தலையைக் குனிந்துகொண்டதிலேயே அவளுக்கும் முன்பே தெரியும் என்பது அவருக்குப் புரிந்துவிட்டது. அவர் கத்துவார் என்று ஜுவேரியா காத்திருந்தாள். கத்தினால் தேவலை என்றிருந்தது.

"நீ அந்தக் கப்பல்ல போயிருக்கியா தாயி?"

"போயிருக்கேன்."

"இதே முக்காட்டோடவா?"

"ஆமா அண்ணாச்சி."

"அந்தக் கூடத்துக்குள்ள விட்டானா?"

"விட்டாங்க. அழகா இருக்கீங்கன்னு சொல்லிக் கதவத் திறந்தாங்க."

"சாப்பாடெல்லாம் நல்லாருந்துச்சா?"

அவர் குத்திக்காட்டவில்லை. உண்மையாகவே கேட்டார். ஜுவேரியா தலையை ஆட்டினாள். கண்ணீர் முக்காட்டு ஓரத்தில் இறங்கியது.

"நல்லது" என்றார். உதறிய வேட்டியை மடிப்பு பிசகாமல் மடித்து அடுக்கில் வைத்தார். பிறகு தாளை அவளிடமே திருப்பிக் கொடுத்தார். "இதையே எல்லாருக்கும் அனுப்பிரு. அந்தக் கடைசி வரியக் கொஞ்சம் பெரிய எழுத்துல போடு, வயசானவங்க படிக்கணும். எங்க ரெண்டு பேரு பேர மட்டும் எடுத்துரு."

"அண்ணாச்சி, அடுத்த வருஷம் நானே எல்லாம் ஏற்பாடு பண்றேன். கூடத்துல முதல் மேஜை, படிக்கட்டுல போட்டோ..."

"உன்மேல கோவமில்ல தாயி. மறுபடி போயி என்னத்தச் செய்ய? அடுத்த வருஷம் எங்களுக்கு நாப்பத்தொண்ணு. நாப்பது ஒரு தடவதான் வரும்."

தங்கம் கல்லாவை விட்டு எழுந்து வந்து, தண்ணீர்ச் செம்பை அவள் கையில் கொடுத்தாள். ஜுவேரியா குடித்தாள். தாளின் பின்பக்கத்தில் இருந்த பட்டியலில் முதல் பெயராகத் தனபாலன், தங்கம் என்று இருந்தது. கடைப் பேனாவை வாங்கி அதன்மேல் தன் கையாலேயே கோடு போட்டாள்.