பெயர் போடாத இசைத்தட்டு

என் தம்பி எலாதியோவுக்கு ஊதத் தெரியாத வாத்தியம் கிடையாது. புல்லாங்குழல், கிளாரினெட், சின்னதும் பெரியதுமாக சாக்ஸபோன்கள். நியூயார்க்கின் பிராங்க்ஸில் எந்த மாம்போ நடன இசைக்குழுவில் ஆள் குறைந்தாலும் எங்கள் வீட்டுத் தொலைபேசிதான் அடிக்கும். யாருக்குப் பதிலாகப் போகிறானோ அவரைப் போலவே வாசித்துவிட்டு வருவான். நானும் அதைப் பெருமையாக ஊரெல்லாம் சொல்லித் திரிந்தேன்.

ஞாயிறு மதியங்களில் சேயோவின் இசைத்தட்டுக் கடையில் கூடுவோம். அவன் உறையை மறைத்துக்கொண்டு தட்டை ஓட்டுவான். வாசிப்பது யார் என்று சொல்ல வேண்டும். அந்த விளையாட்டில் தம்பியை ஜெயிக்க ஆளில்லை. அன்றைக்கு இசைத்தட்டுக் கம்பெனிக்காரர் வில்ஃப்ரெதோவும் வந்திருந்தார். தம்பியின் பெயரிலேயே ஒரு தட்டு போட ஒப்பந்தம் கொண்டுவந்திருந்தார். அதற்காக அவன் ஏங்கிக் கிடந்தது எனக்குத்தான் தெரியும்.

சேயோ ஒரு தட்டை வைத்தான். புல்லாங்குழல்.

“விரல் சுத்தமா இருக்கு. ஆனா எல்லாம் இரவல் சரக்கு. இவனுக்குன்னு ஒண்ணும் இல்ல,” என்றான் தம்பி.

எல்லோரும் சிரித்தார்கள். சேயோ மட்டும் சங்கடத்தோடு உறையைத் திருப்பினான். “டேய், இது நீதான்டா.”

உறையின் பின்பக்கம், வாசித்தவர்கள் பட்டியலில் பொடியாக இருந்த தன் பெயரைத் தம்பி பார்த்துக்கொண்டே நின்றான்.

“அட, விடுப்பா. பேனாவ எடு,” என்றார் வில்ஃப்ரெதோ.

“என் பேரப் போட்டு விக்கணும்னா உள்ள நான் இருக்கணும்ல?” தம்பி ஒப்பந்தக் காகிதத்தை அவரிடமே தள்ளிவிட்டான்.

“கிறுக்கா புடிச்சிருக்கு உனக்கு? கையெழுத்தப் போடுடா!” என்று கத்தினேன்.

“விடுக்கா.”

மறுநாள் தொலைபேசி அடித்தது. தம்பி ஏதோ ஒரு குழுவில் வேறு எவனுடைய நாற்காலியிலோ போய் உட்கார்ந்தான். தம்பிக்குப் போட இருந்த தட்டை வில்ஃப்ரெதோ இன்னொருவனுக்குப் போட்டார். எனக்கு வயிறு எரிந்தது. இன்றைக்கும் எரிகிறது. அவர் இறந்தபின் கம்பெனியையும் மூடிவிட்டார்கள்.

போன கோடையில் பூங்காவில் நடனம். உப்புமீன் பஜ்ஜிக்கு வரிசையில் நின்றிருந்தேன். கூட்டத்தில் மேடை தெரியவில்லை. ஒலிபெருக்கியில் முதலில் ஒரு மூச்சு கேட்டது. வெடுக்கென்று இழுத்து, கடைசியில் லேசாக விக்கும். சின்ன வயதில் பக்கத்துக் கட்டிலில் கேட்ட அதே மூச்சு.

“என் தம்பி வாசிக்கப் போறான்,” என்றேன் பஜ்ஜி போடுகிறவளிடம். அதன் பிறகுதான் கிளாரினெட் தொடங்கியது.

நடனம் முடிந்ததும் மேடைக்குப் பின்னால் ஓடினேன். “டேய், நீ எதை ஊதினாலும் அந்த மூச்சு உன்னோடதுடா! வேற எவனுக்கும் கிடையாது. அன்னைக்கு சேயோ கடையில அது கேட்டிருந்தா நீயே உன்னைக் கண்டுபிடிச்சிருப்ப. தட்டுல மட்டும் ஏன்டா அது வரல?”

கிளாரினெட்டைத் துடைத்துக்கொண்டிருந்தவன் கையை நிறுத்தினான்.

“கேக்க அசிங்கமா இருக்குன்னு பதிவு பண்றவங்ககிட்ட அந்த மூச்ச வெட்டச் சொல்லிடுவேன்க்கா,” என்றான். “எல்லாத் தட்டுலயும். நானேதான்.”