தன்னை அறியாத நகல்

ஓசூரில் எங்கள் தொழிற்சாலையில் தகட்டை அழுத்தி வடிவாக்கும் நான்காம் எண் பிரஸ் மெஷினை ஓட்டுவது ஒரு பழைய லினக்ஸ் கணினி. அதற்குள் இருப்பது ஸ்மால்டாக் என்ற கணினி மொழி. அதில் நிரல் எழுதியவர் எப்போதோ வேலையை விட்டுப் போய்விட்டார். “தெலுங்கு, கன்னடமெல்லாம் பேசறியே மாதேஸ்வரி, இதையும் கத்துக்கோ” என்றார் மேனேஜர். என்ன ஒரு அறிவு!

ஓடுவதைத் தொடக் கூடாதென்று மொத்தத்தையும் அப்போதைய நிலையோடு அப்படியே என் லேப்டாப்பில் நகலெடுத்துத் திறந்தேன். இந்த மொழியில் நிறுத்தி மறுபடி ஓட்டும் வேலையே கிடையாது. மாற்றிச் சேமித்த கணமே மாற்றம் நடப்புக்கு வந்துவிடும். பழகிப் பார்க்கத்தான், ஆபரேட்டர் கையை எடுப்பதற்காக மெஷின் காத்திருக்கும் இரண்டு விநாடியைப் பூஜ்யமாக்கினேன்.

போன் அடித்தது. கீழே பிரஸ்ஸில் நிற்கும் முத்துமணி அண்ணன். போனைத் தோளில் இடுக்கிக்கொண்டே வேலை செய்பவர்.

“என்ன மேடம் பண்ணீங்க? மெஷினு பறக்குது! தகட்ட வச்சுட்டு கைய எடுக்குறதுக்குள்ள எறங்கிருது!”

லேப்டாப்பின் ஓரத்தை அப்போதுதான் பார்த்தேன். ‘பிரஸ் 4: இணைப்பில்’. தான் நகல் என்று நகலுக்குத் தெரியவில்லை. விழித்ததும் தொழிற்சாலை நெட்வொர்க் வழியாக மெஷினைப் பிடித்துக்கொண்டு பழைய வேலைக்கே போய்விட்டது.

“அண்ணா, கைய எடுங்க!”

பிரஸ் இறங்கும் சத்தம் போனில் கேட்டது. பிறகு போன் தரையில் விழும் சத்தம்.