பத்துச் சுற்று

அன்று காலை பள்ளிக்கூடத்தின் சாமான் அறை வாசலில் இருந்தவர்கள்: கழுத்தில் கயிறு கட்டிய மூக்குக்கண்ணாடியுடன் பூட்டுத் தொழில் தேர்வாளர் அம்மாள், தலைமையாசிரியர், என் தங்கையைப் பயிற்சிக்கு வைத்திருக்கும் பூட்டுக்கடை அக்கா, வேலைக்கு அரைநாள் லீவு போட்டுவிட்டு வந்த அம்மா, இரவு வேலை முடிந்து தூங்காமல் வந்த நான், எல்லாருக்கும் நடுவில், ஒரு முக்காலியில், என் தங்கை.

அவளுக்குப் பதினாறு வயது. பதினொன்றாம் வகுப்பு. வாரத்தில் மூன்று நாள் பள்ளி, இரண்டு நாள் கடை. அந்த ஏற்பாடு வந்து முதல் வருடம். மற்றப் பிள்ளைகள் மின்சாரம், தையல், கணினி என்று எழுதிக் கொடுத்தார்கள். இவள் பூட்டு என்று எழுதினாள். "பூட்டைத் திறக்கப் பள்ளிக்கூடமே ஆள் அனுப்பணுமா?" என்று கேட்டுவிட்டுத்தான் தலைமையாசிரியர் கையெழுத்துப் போட்டார். ஒரு நிபந்தனையும் வைத்தார். வருடக் கடைசித் தேர்வில் தேறாவிட்டால் கடைக்குப் போவது நிற்கும். அடுத்த வருடம் ஐந்து நாளும் வகுப்பில்தான்.

வகுப்பில் அவள் எப்படி உட்கார்ந்திருப்பாள் என்று எனக்குத் தெரியும். நானும் அப்படித்தான் உட்கார்ந்திருந்தேன், பாதியில் எழுந்து போகும் வரை.

தலைமையாசிரியர் என்னை அடையாளம் கண்டுகொண்டார்.

"நீ கடைசி பெஞ்சுதானே?"

"ஆமா சார்."

"இப்ப என்ன பண்ற?"

"பார்சல் கிடங்கு சார். ராத்திரி வேலை."

"அதானே பார்த்தேன். கண்ணு ரெண்டும் கோவைப்பழம் மாதிரி இருக்கு."

அம்மா என் முழங்கையைக் கிள்ளினாள். எதற்கு என்று தெரியவில்லை. பேசாமல் இரு என்று இருக்கலாம்.

சோதனை அந்த அறைக் கதவின் பூட்டில்தான். வீட்டுக் கதவுகளில் இருக்கிற மாதிரிப் பூட்டு. வெளியே சாவித்துவாரம், உள்ளே திருகும் குமிழ். நாற்பது நிமிடம். பூட்டில் சாவி நுழையும் பாகமான சிலிண்டரைக் கழற்ற வேண்டும். உள்ளே இருக்கும் ஐந்து பின்களை எடுத்துவிட்டு, புதுச் சாவிக்கு ஏற்ற ஐந்து பின்களைப் போட வேண்டும். திரும்பக் கதவில் மாட்ட வேண்டும். பழைய சாவி திரும்பக் கூடாது. புதுச் சாவி திரும்ப வேண்டும். பார்க்க வந்த வீட்டாரோ கடைக்காரரோ வேலையைப் பற்றி அவளிடம் ஒரு வார்த்தை பேசினாலும் தேர்வு செல்லாது. தேர்வாளர் அம்மாள் இதை இரண்டு தடவை சொன்னார். இரண்டாவது தடவை அம்மாவைப் பார்த்துச் சொன்னார்.

"ஆரம்பிக்கலாம்மா."

என் தங்கை நான்கு திருகாணிகளைக் கழற்றி, அந்த வரிசையிலேயே துணியில் வைத்தாள். சிலிண்டர் கைக்கு வந்தது. அதன் நடு உருளையை ஒரு பக்கம் தள்ளிக்கொண்டே மறுபக்கத்திலிருந்து அதே பருமனுள்ள குச்சியை உள்ளே விட்டாள். குச்சிக்கும் உருளைக்கும் நடுவே மயிரிழை இடைவெளி விட்டாலும் பின்களை அழுத்தும் ஸ்பிரிங்குகள் கூரைக்குப் பறக்கும். கடையில் சேர்ந்த முதல் மாதம் தினமும் பறந்தன. ஒன்றை அம்மா ஒரு வாரம் கழித்து என் தலையணை உறைக்குள் கண்டெடுத்தாள். அன்று ஒன்றும் பறக்கவில்லை. பழைய பின்கள் ஐந்தும் அவள் உள்ளங்கையில் விழுந்தன. அக்கா மூச்சு விட்டதை நான் கேட்டேன்.

பிறகு தங்கை தன் பின்கள் இருந்த பெட்டியைத் திறந்தாள்.

அந்தப் பெட்டியைப் பற்றிச் சொல்ல வேண்டும். பூட்டுத் தொழிலில் பயிற்சிக்கு இருப்பவர்கள் தங்கள் பின்களைத் தாங்களே பிரித்து, எண் போட்ட அறைகளில் வைத்து, தேர்வுக்குக் கொண்டுவர வேண்டும். பின் என்பது அரிசிமணி அளவுள்ள பித்தளைத் துண்டு. நாலாம் எண்ணுக்கும் ஐந்தாம் எண்ணுக்கும் கால் மில்லிமீட்டர்தான் வித்தியாசம். சாவியில் வெட்டு எவ்வளவு ஆழமோ அதற்கு ஏற்ற எண். ஒன்று மாறினாலும் சாவி திரும்பாது.

முந்தின நாள் காலை வேலையிலிருந்து வந்து செருப்பைக் கழற்றும்போது அந்தப் பெட்டியைக் காலால் தட்டிவிட்டேன். மூன்று அறைகள் கொட்டின. அவள் பள்ளிக்குப் போயிருந்தாள். மண்டியிட்டு எல்லாவற்றையும் பொறுக்கினேன். நீளமானது, கொஞ்சம் நீளமானது, குட்டையானது என்று கண்ணால் பார்த்தே பிரித்து வைத்துவிட்டுப் படுத்துவிட்டேன். சாயங்காலம் சொல்லியிருக்கலாம். சொல்லவில்லை. திட்டுவாள் என்பதைத் தவிர வேறு காரணம் இல்லை.

இப்போது சொல்லவும் முடியாது. வாயைத் திறந்தால் தேர்வு செல்லாது. திறக்காவிட்டால் அவள் தோற்பாள்.

அவள் ஐந்தாம் அறையிலிருந்து இடுக்கியால் ஒரு பின்னை எடுத்தாள். நேராகப் பூட்டுக்குள் போடப் போகிறாள் என்று நினைத்தேன். போடவில்லை. எண் காட்டும் அளவுகோலின் வாய்க்குள் வைத்தாள். அளவுகோலைப் பார்த்தாள். பெட்டியைப் பார்த்தாள். இன்னொன்றை எடுத்து அளந்தாள். மூன்றாவதை அளந்தாள்.

"என்னம்மா, பெட்டி சரியில்லையா?" என்றார் தேர்வாளர்.

"சரி பண்ணிக்கிறேன் மேடம்."

அம்மா என் காதருகே, "என்னடா தேடுறா? எதையாவது மறந்துட்டு வந்துட்டாளா?" என்றாள்.

"ஒண்ணுமில்ல. சும்மா இரும்மா."

"உனக்கு ஏன்டா இப்படி வேர்க்குது?"

தங்கை எண்களை விட்டுவிட்டாள். அறைகளில் ஒட்டியிருந்த அவள் கையெழுத்தையே அவள் நம்பவில்லை. ஒவ்வொரு பின்னாக எடுத்து அளந்து, வேண்டாததை ஓரமாக ஒதுக்கினாள். பார்சல் கிடங்கில் ஒரு பெட்டி தவறான வரிசையில் போய்விட்டால் நாங்கள் எல்லாரும் ஓடுவோம், கத்துவோம், ஒருவன் மேல் ஒருவன் பழி போடுவோம். இவள் தலையைக்கூடத் தூக்கவில்லை. பதினோரு நிமிடம் அளந்தாள். ஐந்து பின்கள் கிடைத்தன. உள்ளே போட்டாள். உருளையைத் திரும்ப ஏற்றினாள். கதவில் மாட்டித் திருகாணிகளை முடுக்கும்போது மூன்று நிமிடம் மீதி இருந்தது.

கதவு திறந்தே இருந்தது. அவள் புதுச் சாவியைப் போட்டுத் திருப்பினாள். திரும்பியது. பூட்டின் நாக்கு வெளியே வந்தது, உள்ளே போனது.

"ஒண்ணு," என்றாள் மெதுவாக.

பூட்டுக்கடை அக்காவின் கடையில் இது சட்டம். புதிதாக மாட்டிய பூட்டை, கதவு திறந்திருக்கும்போதே பத்துச் சுற்று திருப்பிப் பார்க்க வேண்டும். அதற்குப் பிறகுதான் சாத்தலாம். அக்கா தொழிலுக்கு வந்த புதிதில் ஒரு வீட்டில் பார்க்காமல் சாத்திவிட்டு, தான் மாட்டிய பூட்டைத் தானே துளை போட்டு உடைத்தாராம். அந்த உடைந்த பூட்டு இன்னும் கல்லாப் பெட்டிக்கு மேலே ஆணியில் தொங்குகிறது.

"நாலு. அஞ்சு."

தலைமையாசிரியர் கைக்கடிகாரத்தைப் பார்த்தார். "அதான் திரும்புதே. நேரம் போகுது, சாத்திக் காட்டும்மா," என்று கதவில் கை வைத்துத் தள்ளினார்.

என் தங்கை கதவுக்கு அடியில் காலை வைத்து நிறுத்தினாள்.

"கையை எடுங்க சார். இன்னும் அஞ்சு சுத்து இருக்கு."

தலைமையாசிரியர் கையை எடுத்தார். அந்தப் பள்ளியில் நான் படித்த வருடங்களில் அவர் யார் சொல்லியும் எதையும் எடுத்து நான் பார்த்ததில்லை. அக்கா கூரையைப் பார்த்துக்கொண்டிருந்தார். சிரிப்பை அடக்குகிறவர்கள் அப்படித்தான் பார்ப்பார்கள்.

"ஒம்பது. பத்து."

கதவைச் சாத்தினாள், பூட்டினாள், திறந்தாள். தேர்வாளர் உள்ளே போய்க் குமிழையும் திருகிப் பார்த்தார். ஒரு நிமிடத்துக்குக் கொஞ்சம் குறைவாக மீதி இருந்தது.

"பழைய சாவி?" என்றார் தேர்வாளர்.

தலைமையாசிரியர் சட்டைப்பையைத் தட்டினார், கால்சட்டைப்பையைத் தட்டினார். சாவி அவர் அறையில் இருந்தது.

"என்கிட்ட ஒண்ணு இருக்கு," என்று என் சாவிக்கொத்தை நீட்டினேன்.

"உன்கிட்ட எப்படிடா?"

"கேக்காதீங்க சார்."

படிக்கிற காலத்தில் கணக்கு வகுப்பு நேரத்தை நான் அந்த அறையில்தான் கழித்தேன். அந்தச் சாவி அன்று வரை கொத்தில் கிடந்தது. தேர்வாளர் என்னையே போட்டுப் பார்க்கச் சொன்னார். உள்ளே போனது. திருப்பினேன். அசையவில்லை. பலமாகத் திருப்பினேன். விரலில் தடம் விழுந்ததுதான் மிச்சம். எட்டு வருடத்துக்கு முன் எனக்குத் திறந்துகொண்டிருந்த கதவை என் தங்கை எனக்கு அடைத்துவிட்டாள். அந்த இடத்திலேயே கைதட்டலாம் போல இருந்தது. தட்டவில்லை. சாவியைக் கொத்திலிருந்து கழற்றித் தலைமையாசிரியர் கையில் வைத்தேன்.

தேர்வாளர் தாளில் கையெழுத்துப் போட்டார். "இந்த வருஷம் இருபத்திமூணு பேரைப் பார்த்தாச்சு. தன் பெட்டியிலேயே சந்தேகப்பட்டு அளந்து பார்த்தது நீ ஒருத்திதான்," என்றார்.

அம்மா அழுதாள். அக்கா அவளுக்குக் கைத்துணியைக் கொடுத்தார். அது எண்ணெய் துடைக்கிற துணி. அம்மாவின் கன்னத்தில் கறுப்பாக ஒரு கோடு விழுந்தது. யாரும் சொல்லவில்லை.

"அடுத்த வருஷமும் ரெண்டு நாள் போகட்டும்," என்றார் தலைமையாசிரியர். "சோதனைக்கூடத்துப் பூட்டும் மக்கர் பண்ணுது. அதையும் ஒரு நாள் பார்த்துடும்மா." புதுச் சாவியை அப்புறம் தன் அறையில் கொடுக்கச் சொல்லிவிட்டு மற்றவர்களை அழைத்துக்கொண்டு நடந்தார்.

நானும் அவர்கள் பின்னால் கிளம்பினேன்.

"அண்ணா, பெட்டி உள்ள மேசையில இருக்கு. எடுத்துட்டு வா," என்றாள் தங்கை.

போனேன். மேசையில் பெட்டி திறந்து கிடந்தது. பக்கத்தில் இடுக்கி, அளவுகோல். ஒரு நாற்காலிகூட இழுத்துப் போட்டிருந்தாள். திரும்பிப் பார்த்தேன். வாசலில் நின்றிருந்தாள்.

"நாலு, அஞ்சு, ஆறு. மூணும் கலந்து கிடக்கு. நீதானே?"

"கால் பட்டுடுச்சு."

"கால் பட்டா பரவாயில்ல. கண்ணால பிரிச்சு வச்ச பாரு, அதுக்குத்தான் கோவம். எழுதி ஒரு சீட்டு வச்சிருக்கலாம்ல?"

"நீ திட்டுவேன்னு பயந்தேன்."

"இப்ப மட்டும் கொஞ்சப் போறேனா?"

"தூக்கம் சொக்குதுடி."

"அளவுகோல்ல அளவு தானா எண்ணுல தெரியும். அதைப் படிக்கிற அளவுக்குப் படிச்சிருக்கல்ல? எல்லாத்தையும் அளந்து அதுஅது அறையில வை. பாதியில வரணும்னா வா, உள்ள குமிழ் இருக்கு, திருகினா திறக்கும். நான் மாட்டினது."

நாற்காலியில் உட்கார்ந்து முதல் பின்னை எடுத்தேன். அவள் கதவைச் சாத்தினாள். சாவி வெளியே திரும்பியது, எங்கும் உரசாமல், ஒரே சுற்றில்.