க்ரீம் கலர் சீட்

ஊருக்கு இளைத்தவன் பிள்ளையார் கோயில் ஆண்டி என்பார்கள். எங்கள் முனிர்கா குடியிருப்பில் அந்த ஆண்டி என்னுடைய கார்தான். பதின்மூன்று வருஷத்துச் சின்னக் கார். ஏ.சி. என்றைக்கோ செத்துவிட்டது. லோதி ரோடு ஆபீசுக்குப் போய்வர எனக்கு அது போதும். எதிர் வீட்டு ப்ரணவுக்கோ எரு மூட்டை ஏற்றவும், வயிற்றுப்போக்கு வந்த நாயை டாக்டரிடம் கொண்டுபோகவும் அதுதான் வேண்டும். அவனுடைய புது வெள்ளைக் காரில் நாற்றம் ஒட்டிக்கொண்டுவிடுமாம்.

அன்று காலை எட்டரை மணிக்கு வந்து கதவை இடித்தான்.

"ஆன்ட்டி, ஜல்தி சாவி எடுங்க. ஷ்வேதாவுக்கு வாட்டர் ப்ரேக் ஆயிடுச்சு!"

பனிக்குடம் உடைந்துவிட்டது. பிரசவத்துக்கு இன்னும் இரண்டு வாரம் இருந்தது.

"உன் காருக்கு என்னடா ஆச்சு?"

"கார் டீக்தான், நல்லாத்தான் இருக்கு ஆன்ட்டி. க்ரீம் கலர் சீட், கறை பட்டாப் போகாது. உங்களது எப்படியும் பழசுதானே?"

வாய் கூசாமல் சொன்னான். எருவுக்கும் நாய்க்கும் அடுத்தபடி பெண்டாட்டி! லிஃப்ட் பக்கத்தில் ஷ்வேதா சுவரைப் பிடித்துக்கொண்டு நின்றிருந்தாள். அவன் சொன்னதெல்லாம் அவள் காதில் விழுந்திருந்தது. அவனை நாலு கேள்வி கேட்க நாக்கு துடித்தது, நேரமில்லை.

பின்சீட்டில் பழைய புடவையை விரித்து அவளை உட்கார வைத்தேன்.

"நீ ஏறல?"

"நான் என் கார்ல பின்னாடியே வரேன் ஆன்ட்டி."

என் கார் இரண்டு தடவை இருமிவிட்டுக் கிளம்பியது. ரிங் ரோட்டில் வண்டிகள் ஊர்ந்தன. என் ஹாரனுக்கு ஒருத்தனும் விலகவில்லை. ஷ்வேதாவுக்கு வலியின் இடைவெளி குறைந்துகொண்டே வந்தது.

"வழியிலேயே பொறந்துடுமா ஆன்ட்டி?"

"பொறக்காது," என்றேன். எனக்கே நம்பிக்கை இல்லை.

கண்ணாடியில் பார்த்தேன். அத்தனை பெரிய வெள்ளைக் காரில் அவன் ஒருத்தன் உட்கார்ந்திருந்தான். ஒரு ஆட்டோ உரசுகிற மாதிரி வந்ததும் வேகத்தைக் குறைத்துப் பின்தங்கினான். சீ, இதுவும் ஒரு ஜென்மமா என்று காறித் துப்பத் தோன்றியது.

"சாரி ஆன்ட்டி, உங்க சீட்டெல்லாம் நனையுது."

"நனைஞ்சாக் காயும். நீ பேசாம மூச்சு விடுடி."

ஆஸ்பத்திரி வாசலில் காரை அப்படியே போட்டுவிட்டு, சக்கர நாற்காலியில் அவளைத் தள்ளிக்கொண்டு ஓடினேன். காவலாளி பின்னால் கத்தினான். பிரசவ அறை வாசலில் நர்ஸ் எங்களை நிறுத்தினாள். கூட ஒருவர்தான் வரலாம், கணவர் எங்கே என்று ஹிந்தியில் கேட்டாள்.

அப்போதுதான் அவன் மூச்சிரைக்க வந்து சேர்ந்தான்.

"நிழல்ல பார்க்கிங்கே கிடைக்கல, அதான் லேட். நான் உள்ள வரேன்."

ஷ்வேதா என் மணிக்கட்டை விடவில்லை.

"ஆன்ட்டி வரட்டும்," என்றாள் அவனிடம். "நீ போய் வண்டிகிட்ட நில்லு. பாவம், வெயில்ல தனியா நிக்குது."

நர்ஸ் கதவைச் சாத்தினாள்.